முழுசா பிளான் போட்டுட்டுத் தொடங்கினால் என்ன?

மார்கழி பிறந்ததும் மயிலாப்பூர் வீடுகள் நிரம்பிவிடும். கலிஃபோர்னியா, சிங்கப்பூர் என்று வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் ஒரு பக்கம். என்னைப்போல ஓ.எம்.ஆரிலிருந்து பெட்டியும் பிள்ளையுமாக அம்மா வீட்டுக்கு வந்து இறங்குகிறவர்கள் இன்னொரு பக்கம். பிள்ளைகளுக்கு அரையாண்டுத் தேர்வு முடிந்த விடுமுறை. விடிவதற்கு முன் மாட வீதிகளில் பஜனை, சாயங்காலம் ஏதாவது ஒரு சபாவில் கச்சேரி, நடுவில் கேன்டீன் டிபன். மியூசிக் அகாடமியில் டிசம்பர் 15 முதல் ஜனவரி 1 வரை சீசன் நடக்கும்.

கம்ப்யூட்டர் வேலை பார்ப்பவர்களுக்கு மட்டும் இந்தச் சமயத்தில் எப்படிச் சேர்ந்தாற்போல லீவு கிடைக்கிறது என்று அக்கம்பக்கத்தில் கேட்பார்கள். அமெரிக்கக் கடைகளுக்கு நவம்பர் கடைசியில் வரும் தேங்க்ஸ்கிவிங் முதல் கிறிஸ்துமஸ் வரைதான் ஆண்டின் பெரிய வியாபாரம். அந்த நாட்களில் பில் போடும், பணம் வாங்கும் மென்பொருளில் யாரும் கை வைக்கக் கூடாது என்று தடை போட்டுவிடுவார்கள். பல வங்கிகளும் ஆண்டுக் கணக்கு முடியும்வரை அப்படித்தான். இதற்கு எங்கள் பேச்சில் ஃப்ரீஸ் என்று பெயர். புதிதாக எதுவும் வெளியே போகாது. ஏதாவது உடைந்தால் பார்த்துக்கொள்ள முறை வைத்து ஒருவர் ஆன்-காலில் இருப்பார். மற்றவர்கள் சேர்த்துவைத்த லீவை எடுத்துக்கொள்வார்கள்.

மாற்றினால் உடைந்துவிடும் என்ற பயத்தில் போடுகிற தடை அது. மென்பொருள் எழுதும் முறைகள் என்று ஐம்பது, அறுபது ஆண்டுகளாக நடந்துவரும் விவாதமெல்லாம் இந்தப் பயத்தைச் சுற்றித்தான் நடக்கிறது. வீட்டில் ஐ.டி. வேலைக்காரர் இருப்பவர்களின் காதில் அஜைல், ஸ்க்ரம், ஸ்பிரின்ட், ஸ்டாண்ட்-அப் என்ற சொற்கள் விழாமல் இருக்காது. அவை எங்கிருந்து வந்தன, எதற்காக வந்தன என்பதைச் சொல்கிறேன்.

என் அப்பா பொதுப்பணித் துறையில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். முதலில் டிராயிங், பிறகு எஸ்டிமேட், பிறகு டெண்டர், அதற்கப்புறம்தான் மண்வெட்டி என்று வாழ்ந்தவர். ஆன்-கால் முறை எனக்கு வந்த ஒரு நாள், மடியில் லேப்டாப்போடு நான் உட்கார்ந்திருந்ததைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "ஏம்மா, முழுசா யோசிச்சு பிளான் போட்டுட்டு ஒரே தடவையில கட்டி முடிச்சா என்ன? ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை மாத்திக்கிட்டே இருந்தா அது என்ன இன்ஜினியரிங்?"

இந்தத் துறை பிறந்தபோதே எழுந்த கேள்வி அது. 1968 அக்டோபரில் ஜெர்மனியின் கார்மிஷ் நகரில் நேட்டோ அமைப்பு ஒரு மாநாடு கூட்டியது. பெரிய மென்பொருள்கள் சொன்ன நாளில் முடிவதில்லை, சொன்ன செலவில் முடிவதில்லை, முடிந்தாலும் நம்ப முடிவதில்லை. பாலம் கட்டுகிறவர்களிடம் இருக்கும் ஒழுங்கு இங்கேயும் வரவேண்டும் என்று அங்கே பேசினார்கள். அந்த ஒழுங்கை அப்படியே எடுத்துக்கொண்டால் கிடைப்பதுதான் வாட்டர்ஃபால் என்று பின்னால் பெயர் பெற்ற முறை. என்ன வேண்டும் என்று முழுதாக எழுதிக்கொள், வடிவமை, கோட் எழுது, சோதனை செய், ஒப்படை. ஒரு படி முடிந்தால்தான் அடுத்தது. முடிந்த படிக்குத் திரும்பிப் போவதில்லை.

இந்தப் படிக்கட்டுப் படத்தை 1970-இல் ஒரு கட்டுரையில் வரைந்தவர் வின்ஸ்டன் ராய்ஸ். விண்வெளித் திட்டங்களுக்கு மென்பொருள் எழுதிய அனுபவசாலி. படத்தை வரைந்த கையோடு, இதை இப்படியே செய்தால் ஆபத்து என்றும் எழுதினார். சோதனை கடைசியில் வருவதால், அடிப்படையில் தவறு இருந்தால் அது கடைசியில்தான் தெரியும். அப்போது பாதி வேலையைத் திரும்பச் செய்யவேண்டி வரும். அதனால் புதிய வகை மென்பொருளாக இருந்தால், முதலில் சிறிதாக ஒரு முறை எழுதிப் பார்த்துவிட்டு இரண்டாவதை ஒப்படையுங்கள் என்பது அவர் யோசனை. அந்த யோசனை எடுபடவில்லை, படம் மட்டும் பரவியது. 1985-இல் அமெரிக்க ராணுவம் தன் ஒப்பந்தக்காரர்களுக்குப் போட்ட விதிமுறையிலும் படிப்படியான அந்த அணுகுமுறையே இருந்தது. ராணுவம் அதிலிருந்து விலகிப் புதிய விதி கொண்டுவர 1994 ஆனது.

அப்பாவின் கேள்விக்கு என் பதிலை ஒரு மென்பொருளை வைத்தே சொல்கிறேன். ஒரு சபாவுக்கு சீசன் டிக்கெட் விற்கும் மென்பொருள் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். வாட்டர்ஃபால் முறையில் ஜூனில் செயலாளரிடம் உட்கார்ந்து எல்லாவற்றையும் எழுதிக்கொள்கிறோம். எத்தனை இருக்கை, என்ன விலை, எப்படிப் பணம் கட்டுவது. ஜூலையில் வடிவமைப்பு. அக்டோபர் வரை கோட். நவம்பரில் சோதனை. டிசம்பர் முதல் தேதி செயலாளர் திரையைப் பார்த்ததும் கேட்கிறார்: "முதல் நாலு வரிசை டோனர்களுக்காச்சே, அதையும் விக்கிறீங்களே?" மத்தியானக் கச்சேரிகளுக்கு டிக்கெட்டே கிடையாது என்பது அப்போதுதான் பேச்சில் வருகிறது. பாடகருக்குத் தொண்டை கட்டினால் வேறொருவர் பாடுவார், அப்போது பெயரை மாற்றவேண்டும். ஆன்லைனில் வாங்கத் தெரியாத பெரியவர்களுக்குக் கவுன்ட்டரில் கொடுக்கச் சில இருக்கைகள் ஒதுக்கவேண்டும்.

செயலாளர் எதையும் மறைக்கவில்லை. முப்பது வருஷமாகச் செய்துவரும் காரியம் அவருக்குச் சொல்லவேண்டிய விஷயமாகவே தோன்றவில்லை. திரையில் பார்க்கும்போதுதான் இல்லாதது கண்ணில் படுகிறது. எந்தப் பயனாளியும் இப்படித்தான். எத்தனை கவனமாகக் கேட்டு எழுதினாலும் இந்தப் பகுதி காகிதத்தில் வராது என்பது என் அனுபவம்.

கட்டுமானத்துக்கும் இதற்கும் உள்ள பெரிய வேறுபாட்டை ஜாக் ரீவ்ஸ் என்பவர் 1992-இல் ஒரு கட்டுரையில் விளக்கினார். பாலத்தில் டிராயிங் மலிவு, கட்டுவது செலவு. திருமயிலையில் இரண்டு வழித்தடங்கள் சந்திக்கும் மெட்ரோ நிலையத்துக்கு மண்ணைத் தோண்டியபின் இடத்தை மாற்ற முடியாது. அங்கே அப்பா சொல்வதே சரி. மென்பொருளில் புரோகிராமர் எழுதும் கோட்தான் டிராயிங் என்றார் ரீவ்ஸ். அதை இயங்கும் பொருளாகக் கட்டி முடிப்பதை இயந்திரமே சில நிமிடங்களில் செய்துவிடுகிறது, செலவு ஏறக்குறைய ஒன்றுமில்லை. ஆகவே நாங்கள் ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை பாலத்தை இடித்துக் கட்டவில்லை. டிராயிங்கைத் திருத்தி, மாதிரி கட்டிப் பார்த்து, மறுபடி திருத்துகிறோம். அப்பாவும் டிராயிங் போர்டில் அழித்து அழித்துத்தானே வரைந்தார்!

இந்த நியாயம் புரிந்தவர்கள் முன்பே இருந்தார்கள். 1960-களின் தொடக்கத்தில் நாசாவின் மெர்குரி விண்கலத் திட்டத்தில் அரை நாளுக்கு ஒரு சுற்று என்று மென்பொருளை வளர்த்தார்கள், சோதனைகளை முன்கூட்டியே எழுதிவைத்தார்கள். ஐ.பி.எம்.மில் ஓ.எஸ்.360 என்ற மாபெரும் திட்டத்தை நடத்திய ஃபிரெட் புரூக்ஸ் 1975-இல் ஒரு நூல் எழுதினார். தாமதமான திட்டத்தில் ஆட்களைக் கூட்டினால் அது மேலும் தாமதமாகும் என்று அவர் அதில் எழுதியதை இன்றும் புரோகிராமர்கள் விதியாகச் சொல்கிறோம். புதிதாக வந்தவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதிலும், ஒருவரோடு ஒருவர் பேசி ஒத்துப்போவதிலும் இருக்கிறவர்களின் நேரம் போய்விடுகிறது என்பது அவர் தந்த காரணம்.

அஜைல் என்ற பெயர் ஒரு குளிர்காலச் சுற்றுலாவில் முடிவானது. 2001 பிப்ரவரி 11 முதல் 13 வரை அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், ஸ்னோபேர்ட் என்ற பனிச்சறுக்கு விடுதியில் பதினேழு பேர் கூடினார்கள். எங்கே கூடுவது என்பதற்கே விவாதம் நடந்ததாம். சிகாகோ என்றால் குளிர், பொழுதுபோக ஒன்றுமில்லை. கரீபியக் கடலில் இருக்கும் அங்குவிலா தீவு கதகதப்புதான், போய்ச் சேர நேரம் பிடிக்கும். கடைசியில் பனிமலை. பேசலாம், சறுக்கலாம், சாப்பிடலாம் என்று போனவர்கள் அவர்கள். கென்ட் பெக், மார்ட்டின் ஃபௌலர், கென் ஷ்வேபர், ஜெஃப் சதர்லாந்து, வார்ட் கன்னிங்ஹாம் என்று வெவ்வேறு முறைகளை ஏற்கெனவே எழுதியவர்கள், விவாதிப்பவர்கள். எல்லோருக்கும் பொதுவானதாக ஓர் அறிக்கையை ஒரு பக்கத்துக்குள் எழுதினார்கள். நடைமுறைகளைவிட மனிதர்கள் பேசிக்கொள்வது முக்கியம், கட்டுக்கட்டான ஆவணத்தைவிட ஓடுகிற மென்பொருள் முக்கியம், ஒப்பந்தப் பேரத்தைவிட வாடிக்கையாளரோடு சேர்ந்து வேலை செய்வது முக்கியம், போட்ட திட்டத்தைப் பிடித்துக்கொண்டிருப்பதைவிட மாற்றத்துக்கு இணங்குவது முக்கியம். பின்னால் வைக்கப்பட்டவற்றுக்கும் மதிப்பு உண்டு என்று அவர்களே எழுதினார்கள். ஆவணமே வேண்டாம், திட்டமே வேண்டாம் என்று அஜைல் சொல்வதாகப் பேசுகிறவர்கள் அந்த வரியைத் தாண்டிப்போய்விடுகிறார்கள்.

அந்த அறிக்கைக்குள் வந்து சேர்ந்த முறைகளில் நம் ஊரில் மிகவும் பரவியது ஸ்க்ரம். ஷ்வேபரும் சதர்லாந்தும் 1995-இல் ஒரு மாநாட்டில் இதை விளக்கினார்கள். சபா மென்பொருளை ஸ்க்ரமில் செய்தால் இப்படி இருக்கும். செய்யவேண்டியவற்றையெல்லாம் முக்கியத்துவப்படி ஒரு பட்டியலாக்குகிறோம், அது பேக்லாக். அந்தப் பட்டியலின் வரிசையை முடிவு செய்யும் உரிமை ஒருவரிடம் இருக்கும். அவர் ப்ராடக்ட் ஓனர். மேலே இருக்கும் சிலவற்றை எடுத்து, பெரும்பாலும் இரண்டு வாரத்தில், இயங்கும் நிலையில் முடிக்கிறோம்; அது ஸ்பிரின்ட். அதற்குள் தினமும் பதினைந்து நிமிடம் கூடி யாருக்கு என்ன தடங்கல் என்று பேசுகிறோம். அதுதான் பலரும் நின்றுகொண்டே பேசும் ஸ்டாண்ட்-அப். முடிவில் செயலாளரைக் கூப்பிட்டுக் காட்டுகிறோம். அப்புறம் நாங்களே உட்கார்ந்து, எங்கள் வேலை முறையில் எதைத் திருத்தலாம் என்று பேசுகிறோம், ரெட்ரோ. ஜூன் கடைசியில் முதல் டெமோ. ஒரே ஓர் அரங்கம், ஒரே ஒரு கச்சேரி, ஒரு டிக்கெட் வாங்கலாம், அவ்வளவுதான். செயலாளர் டோனர் வரிசையைப் பற்றி அப்போதே கேட்டுவிடுகிறார். டிசம்பரில் தெரியவேண்டியது ஜூனில் தெரிந்துவிட்டது. ஸ்க்ரமின் மற்ற சடங்குகளெல்லாம் இந்த ஒரு பயனுக்காகத்தான்.

சீசன் தொடங்கியபின் புகார்கள் இரண்டு வாரத் திட்டத்துக்குக் காத்திருக்காது. அப்போது கான்பான் உதவும். டொயோட்டா தொழிற்சாலையில் தாய்ச்சி ஓனோ வளர்த்த ஏற்பாட்டிலிருந்து வந்தது. வேலைகளைப் பலகையில் எல்லோருக்கும் தெரிய ஒட்டிவைத்து, ஒரே நேரத்தில் கையில் இத்தனைக்கு மேல் எடுக்கக் கூடாது என்று வரம்பு வைப்பார்கள். ஒன்றை முடித்தால்தான் அடுத்ததை எடுக்கலாம்.

எல்லாவற்றிலும் எனக்கு மிக முக்கியமாகப் படுவது, பெயரளவில் குறைவாகப் பேசப்படும் எக்ஸ்ட்ரீம் புரோகிராமிங். கென்ட் பெக் 1996 முதல் கிரைஸ்லர் கார் நிறுவனத்தின் சம்பளக் கணக்கு மென்பொருளில் வேலை செய்தபோது உருவாக்கியது, 1999-இல் நூலாக வந்தது. கூட்டங்களை விட்டுவிட்டு நேராகக் கோடுக்கு வருகிற முறை இது. ஒரே இருக்கையை இரண்டு பேருக்கு விற்கக் கூடாது என்றால், அதைச் சரிபார்க்கும் டெஸ்ட்டை ஒரு சிறு புரோகிராமாக முதலில் எழுது. பிறகு கோட் எழுது. யார் எந்த வரியை மாற்றினாலும் இப்படிப்பட்ட நூற்றுக்கணக்கான டெஸ்ட்டுகள் தாமாக ஓடி சில நிமிடங்களில் உடைந்ததைச் சொல்லிவிடும். இரண்டு பேர் ஒரே திரையின் முன் உட்கார்ந்து எழுதுங்கள். எழுதியதை அன்றன்றே மற்றவர்களுடையதோடு சேருங்கள். சிக்கலாகிப்போன கோடைச் செயல் மாறாமல் சீராக்கிக்கொண்டே இருங்கள். இவை இருந்தால்தான் மாற்றம் மலிவாகும். இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை மாற்றுவது துணிச்சலான காரியமாக இல்லாமல் சாதாரண வேலையாகும்.

கச்சேரி கேட்கிறவர்களுக்கு இது எளிதில் புரியும். பாடகரும் வயலினும் மிருதங்கமும் பெரும்பாலும் ஒத்திகை பார்ப்பதில்லை. அடுத்து என்ன ராகம் என்பது ஆலாபனை தொடங்கும்போதுதான் பக்கவாத்தியக்காரருக்குத் தெரியவரும். நிரவலும் ஸ்வரமும் அந்த நிமிடத்தில் பிறப்பவை. அந்தச் சுதந்திரத்துக்கு அடியில் சரளியும் வர்ணமும் சாதகம் செய்த ஆண்டுகள் இருக்கின்றன, எல்லோர் கையிலும் ஒரே தாளம் இருக்கிறது. டெஸ்ட்டுகள் இல்லாமல் ஸ்பிரின்ட் மட்டும் நடத்தும் குழுவிடம் அந்தத் தாளம் இல்லை. முதல் சில மாதம் வேகமாகப் போகும். பிறகு ஒவ்வொரு மாற்றமும் வேறெங்கோ ஒன்றை உடைக்கும். யாருக்கும் கோடைத் தொடவே மனம் வராது.

சென்னை அலுவலகங்களில் இந்தக் குறை ஏன் அதிகம் என்பதற்கு வரலாறு இருக்கிறது. காக்னிசன்ட் 1994-இல் இங்கே பிறந்தது. 2000-இல் தரமணியில் டைடல் பார்க் திறந்தது. பறக்கும் ரயில் திருவான்மியூர் வரை நீண்டதும் திருமயிலையில் ஏறி வேலைக்குப் போகலாம் என்றாயிற்று. எங்கோ இருக்கும் கிளையன்ட், பார்த்திராத ஊரில் இருக்கும் எங்களை எப்படி நம்புவார்? அதற்கு விடையாகக் கிடைத்தது சி.எம்.எம். என்ற ஐந்து நிலைத் தர அளவுகோல். அமெரிக்கப் பாதுகாப்புத் துறை தன் ஒப்பந்தக்காரர்களை எடைபோடுவதற்காகக் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்து ஆய்வுக்கூடத்தில் உருவானது, பின்னணியில் இருந்தவர் வாட்ஸ் ஹம்ஃப்ரி. உச்சமான ஐந்தாம் நிலையை எட்டியவற்றில் பெரும்பங்கு இந்திய நிறுவனங்களாக இருந்த காலம் உண்டு. ஹம்ஃப்ரியின் பெயரில் ஒரு மென்பொருள் தரக் கழகமே 2000-இல் சென்னையில் தொடங்கப்பட்டது.

அந்த ஒழுங்கை நான் குறைத்துப் பேசமாட்டேன். ஒய்.டூ.கே. வேலையைப்போல, செய்யவேண்டியது இன்னது என்று தெளிவாகத் தெரிந்த வேலைக்கு அது மிகப் பொருத்தம். இரண்டு இலக்க ஆண்டை நான்காக்கவேண்டும், எங்கெங்கே என்று தேடவேண்டும், ஒன்றுகூட விடக் கூடாது. அங்கே படிவமும் சரிபார்ப்பும்தான் தொழில். அந்த ஒழுங்கு ஒரு தலைமுறைக்கு வீடும் வாழ்வும் கொடுத்தது.

சிக்கல் அடுத்த கட்டத்தில் வந்தது. கிளையன்ட் அஜைல் கேட்டார், கொடுத்தோம். ஒப்பந்தம் மட்டும் பழையபடி விலையும் தேதியும் முன்பே முடிவானதாக இருந்தது. என்ன வேண்டும் என்று தெரிந்தவர் பதினொன்றரை மணி நேரம் பின்தங்கிய ஊரில் இருந்தார். அவர் காலையில் நாற்காலியில் உட்காரும்போது இங்கே ராத்திரி எட்டரை, ஸ்டாண்ட்-அப் அப்போதுதான். அம்மா நாரத கான சபாவில் ராகம் தானம் பல்லவி கேட்டுக்கொண்டிருக்கும்போது நான் வாசலில் போனைக் காதில் வைத்துக்கொண்டு நிற்பேன். தடங்கலைச் சொல்லி உதவி கேட்கவேண்டிய அந்தப் பதினைந்து நிமிடம், மேலதிகாரிக்கு நேற்றைய கணக்கை ஒப்பிக்கும் நேரமாகிவிடுகிறது. வேலையின் அளவை ஊகிக்கக் கொடுக்கும் ஸ்டோரி பாயின்ட், ஆளை அளக்கும் மதிப்பெண்ணாகிறது. அதை உருவாக்கியவர் தாமாக இருக்கலாம் என்று சொல்லும் ரான் ஜெஃப்ரீஸ், ஸ்னோபேர்ட் பதினேழு பேரில் ஒருவர், அதற்காக வருந்துவதாகவே பிற்காலத்தில் எழுதினார். டெஸ்ட் எழுத நேரம் கேட்டால், அதை அடுத்த ஸ்பிரின்ட்டில் பார்க்கலாம் என்பார்கள். அந்த ஸ்பிரின்ட் வருவதில்லை. இது எனக்குக் கோபம் வரவைக்கும் விஷயம், ஏனென்றால் ராத்திரி எழுந்து அதன் விலையைக் கொடுக்கிறவர்கள் இருபத்து மூன்று, இருபத்து நான்கு வயதுப் பிள்ளைகள்.

சரியாகச் செய்தால் எப்படி இருக்கும் என்பதற்கு அமெரிக்கப் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ.யின் கதை நல்ல உதாரணம். வழக்குக் கோப்புகளைக் காகிதத்திலிருந்து கம்ப்யூட்டருக்கு மாற்ற அவர்கள் எடுத்த முதல் முயற்சி சுமார் 17 கோடி டாலர் செலவுக்குப்பின் 2005-இல் கைவிடப்பட்டது. 2006-இல் சென்டினல் என்ற பெயரில் மறுபடி தொடங்கினார்கள். நான்கு கட்டங்களாகத் திட்டமிட்டு, 2010 வாக்கில் பட்ஜெட்டின் பெரும்பகுதி கரைந்தபோது பாதிக் கட்டங்களே முடிந்திருந்தன. அப்போது வேலையைத் தங்கள் அலுவலகத்துக்குள் எடுத்துக்கொண்டு, சிறிய குழுவாக, இரண்டு வார ஸ்பிரின்ட்களில் முடித்துக்காட்டிப் போனார்கள். 2012 ஜூலையில் அது பயன்பாட்டுக்கு வந்தது. ஸ்பிரின்ட் என்ற பெயர் அதைக் காப்பாற்றியதாக நான் நினைக்கவில்லை. கேட்பவரும் எழுதுபவரும் ஒரே கட்டடத்தில் இருந்தார்கள், ஒவ்வொரு முறையும் ஓடுகிற ஒன்று கண்முன் இருந்தது.

அப்பா விடவில்லை: "அடிக்கடி மாத்தினா அடிக்கடி உடையாதா?" இதை அளந்து பார்த்தவர்கள் இருக்கிறார்கள். நிக்கோல் ஃபோர்ஸ்கிரென், ஜெஸ் ஹம்பிள், ஜீன் கிம் மூவரும் ஆயிரக்கணக்கானவர்களிடம் ஆண்டுதோறும் எடுத்த கணக்கெடுப்பை வைத்து 2018-இல் ‘ஆக்ஸிலரேட்’ என்ற நூலை எழுதினார்கள். அடிக்கடி வெளியிடும் குழுக்களில்தான் உடைவதும் குறைவு, உடைந்தால் சரிசெய்யும் நேரமும் குறைவு என்பது அவர்கள் கண்டது. காரணம் எளிது. பத்து வரி மாற்றி வெளியிட்டபின் ஏதாவது உடைந்தால் அந்தப் பத்து வரியில்தான் தவறு. ஆறு வாரம் தேக்கி, பத்தாயிரம் வரிகளை ஒன்றாக வெளியிட்டால் எங்கே என்று தேடுவது? ஃப்ரீஸ் எடுத்ததும் ஜனவரி முதல் வாரங்களில் எங்கள் ஆட்கள் தூக்கம் கெடுவது இதனால்தான்.

முழுத் திட்டம் முதலில் வேண்டிய மென்பொருள்களும் இருக்கின்றன. உடலுக்குள் வைக்கும் பேஸ்மேக்கருக்குள் ஓடுவது, வரிச் சட்டத்தின் வாசகத்தை அப்படியே கணக்காக்குவது, பல நிறுவனங்கள் முன்கூட்டியே ஒத்துக்கொள்ளவேண்டிய தகவல் வடிவம். அங்கெல்லாம் அப்பாவின் வரிசைதான் எனக்கும் வரிசை. அப்போதும் டெஸ்ட்டுகளை நான் விடமாட்டேன்.

வரும் ஆண்டில் கேம்பஸ் இன்டர்வியூவுக்கு உட்காரப் போகும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்லவேண்டும். நீங்கள் அஜைலா என்று வேலைக்கு எடுக்க வருகிற நிறுவனத்தாரிடம் கேட்காதீர்கள், எல்லோரும் ஆமாம் என்பார்கள். ஒரே ஒரு வரியைத் திருத்தினால் அது பயனாளியின் திரைக்குப் போய்ச்சேர எத்தனை நேரமாகும் என்று கேளுங்கள். சில மணி நேரம் என்று சொன்னால், அங்கே டெஸ்ட்டுகள் இருக்கின்றன, தாமாக ஓடுகின்றன, ஒருவர் எழுதியதை இன்னொருவர் படிக்கிறார் என்று பெரும்பாலும் நம்பலாம். இரண்டு மாதம், மூன்று ஒப்புதல், சனிக்கிழமை ராத்திரி எல்லோரும் போன் அழைப்பில் என்று சொன்னால், போன வருஷம் அப்படி எத்தனை சனிக்கிழமை போயிற்று என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.